பெரியகுளத்தில் வந்து நின்ற மெலிசோஸ்

வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிவந்திபேரி பெரியகுளத்துக்குள் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்று வந்து நின்றது. வெள்ளை வீடுகளும் நீலக் கதவுகளும் ஒரு மணிக்கூண்டும் பதினோரு கழுதைகளும் இருநூறு சொச்சம் சனமுமாக, முந்தின நாள் வரைக்கும் வெடித்துக் கிடந்த களிமண்ணின் மேல், கரை ததும்ப நீலத் தண்ணீரையும் கூடவே கொண்டுவந்து, பிறந்ததிலிருந்து அங்கேயேதான் கிடப்பது மாதிரி அது நின்றது. எருமை பத்திக்கொண்டு வந்த ஆள்தான் முதலில் பார்த்தார். அவர் கரையில் இறங்கித் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினார். எருமைகளும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவர் அவற்றைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்து டீக்கடை முன்னால் நின்று, "குளத்துல ஒரு ஊரு வந்து நிக்கி, தண்ணி உப்பு கரிக்கி" என்றார்.

"எந்த ஊரு?" என்று கேட்டார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"தெரியல. பூராவும் வெள்ளையடிச்ச ஊரு."

"அப்ப அது வடிவக்கா போகணும்னு சொல்லிக்கிட்டிருந்த ஊருல்லா" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். ஆமாம், அதுவேதான் என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வடிவின் வீட்டுக்குத் தகவல் சொல்லக் கிளம்பினார்கள்.

வடிவு என்று ஊர் கூப்பிடும் சௌந்தரவடிவு, பக்கத்து டவுன் ரயில் நிலையத்தின் முன்பதிவுக் கவுண்ட்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவள். காசிக்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும், இன்னும் பேர்கூட வாயில் நுழையாத ஊர்களுக்கெல்லாம் அடுத்தவர்களை அனுப்பிவைத்துவிட்டு, கிழவர்களுக்குக் கீழ் பெர்த்தும் புதுசாகக் கல்யாணமானவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து பெர்த்தும் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சோறு வடித்தவள். அவள் போனதில் அதிகத் தூரம் மதுரை. அதுவும் மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக. ஆஸ்பத்திரி வராந்தாவைத் தவிர அந்த ஊரில் வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற வருஷம், சிமெண்ட் கடையில் கொடுத்த காலண்டரின் புரட்டாசித் தாளில் அந்தத் தீவின் படம் இருந்தது. ஐப்பசி வந்தும் வடிவு அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. கார்த்திகையில் ஒரு குயர் நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டு, 'மெலிசோஸ் தீவு, ஏழு நாள், இரண்டு பேர்' என்று எழுதினாள். அதற்கப்புறம் மூன்று வருஷம் அந்த நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், அந்தக் காற்றுக்கு எந்தச் சேலை நிற்கும், அதற்கு எத்தனை ஊக்கு வேண்டும், ஏதென்ஸிலிருந்து படகு எத்தனை மணிக்கு, தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு, வீட்டுக்காரருக்கு வாயு பிடித்தால் என்ன கொடுப்பது, மோர் மிளகாயை விமானத்தில் விடுவார்களா மாட்டார்களா, எல்லாம் அதில் இருந்தது. விசாவுக்குக் காது தெரிகிற மாதிரி போட்டோகூட எடுத்தாயிற்று. மாடியில் அறை வைத்து வாடகைக்கு விடும் கிரியாக்கி என்ற அம்மாளுக்குக் கடிதம் எழுதி, அறையையும் உறுதி செய்தாயிற்று.

போகத்தான் முடியவில்லை. வடிவின் வீட்டுக்காரர் உலகநாதன் கடைத்தெருவில் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருந்தார். தீபாவளியன்றுகூட அரைக் கதவு திறந்து வைத்திருக்கும் மனுஷர். வடிவு கேட்டபோதெல்லாம், "அதுக்கென்ன, போவோம்" என்று சொன்னார். மனசார சொன்ன மாதிரிதான் இருக்கும். ஆனால் தேதி நெருங்க நெருங்க ஏதாவது ஒன்று வந்து நிற்கும். முதல் தடவை அவருடைய அக்கா வீட்டுப் புதுமனைப் புகுவிழா. இரண்டாம் தடவை கோயில் கொடை. மூன்றாம் தடவை கடை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். நாலாம் தடவை காரணம் எதுவும் அகப்படாமல், "வெயில் கொஞ்சம் தாழட்டுமே, ஏளா" என்றார். ஒவ்வொரு தடவையும் வடிவு தீவுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டாள். முதல் மூன்று தடவையும் கிரியாக்கி, 'பரவாயில்லை, அறை இருக்கிறது' என்று பதில் போட்டாள். நாலாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தீவுதான் வந்தது.

தகவல் சொல்ல வந்தவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டபோது வடிவு சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தாள். மணிக்கூண்டு தெரிந்தது. அதற்கு வலது கைப்பக்கம் மூன்றாவது வீட்டில், திராட்சைக் கொடி ஏறிய மாடி அறையும் தெரிந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக, படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து சட்னியைத் தாளித்தாள்.

உலகநாதன் கடைக்குப் போகாமல் திரும்பி ஓடிவந்தார். கல்யாணமான முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. "ஏளா வடிவு! பாத்தியா? உன் தீவு வந்துட்டுல்லா! இனிமே விசா எதுக்கு, பிளேன் எதுக்கு? காலையில போய்ட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரலாம்!"

"நான் ஊருக்குப் போகணும்னுதாங்க சொன்னேன். ஊரு இங்க வரணும்னு சொல்லல" என்றாள் வடிவு.

அவருக்கு அது புரியவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகக் குளத்தங்கரைக்குப் போனார்.

சிவந்திபேரிக்காரர்கள் எதற்கும் அதிக நாள் வாய் பிளந்து நிற்கிறவர்கள் இல்லை. முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் பேர் மாற்றினார்கள். மெலிசோஸ் என்பது யார் நாக்குக்கும் வசப்படவில்லை. தீவும் பார்க்க ஒல்லியாக, வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நீளவாக்கில் கிடந்ததால் 'மெலிசுத் தீவு' என்று வைத்துவிட்டார்கள். கிரியாக்கி 'கிரிஜாக்கா' ஆனாள். மூன்றாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளத்துரை, தீவைப் பதிமூன்றாவது வார்டாகச் சேர்த்துக்கொள்வதாகத் தீர்மானம் போட்டார். அங்கே தெருவிளக்கு ஏற்கெனவே நன்றாக எரிந்ததால் ஊரிலேயே குறையில்லாத வார்டு அதுதான் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். குளத்து மீன் குத்தகைக்காரர் வலையை வீசி, கெண்டைக்கும் கெளுத்திக்கும் பதிலாக எட்டுக் கால் உள்ள ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் தலை என்று தெரியாமல் தீவின் கிழவி ஒருத்தியைக் கூட்டி வந்து கேட்டார். அவள் அதைப் படித்துறைக் கல்லில் நாற்பது தடவை அடித்துக் காட்டினாள். துணி துவைக்க வந்த பெண்களுக்கு அந்த அடி ரொம்பப் பிடித்துப் போனது.

தீவுக்காரர்களும் அப்படித்தான். வந்த இடம் எது என்று விசாரித்தார்கள், தலையை ஆட்டினார்கள், புரோட்டா சால்னா எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்டார்கள். அவர்களுடைய கிழவர்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை நிழலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்கள். நம் ஊர்க் கிழவர்களுக்கும் அதே பழக்கம். ஆகையால் இரண்டு கூட்டமும் அரசமரத்தடியில் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார்கள். தாடி வைத்த தீவுப் பாதிரியாரும் தாடி வைத்த சுடலைமாடன் கோயில் பூசாரியும் ஒருவர் சாம்பிராணியை ஒருவர் முகர்ந்து பார்த்து, உன்னுடையதுதான் உசத்தி என்று மாறி மாறி மரியாதை செய்துகொண்டார்கள்.

ஊரில் எல்லாரையும்விட அதிகச் சந்தோஷம் உலகநாதனுக்குத்தான். சிவந்திபேரி வெயில் தீவுக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, முதுகெல்லாம் வேர்க்குரு. அவர் தினமும் காலையில் ஒரு பை நிறைய வேர்க்குருப் பவுடரும் உப்புக் கரைசல் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு படகேறி, வீடு வீடாகப் போய், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்று விரலால் சூரியனைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தார். அவர் தெருவில் வந்தால் கழுதைகள்கூட ஒதுங்கி வழிவிட்டன.

வடிவு மட்டும் போகவில்லை.

போக நேரமும் இல்லை. 'வடிவோட தீவு' என்று பேர் பரவியதும், சொந்தக்காரர்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து, கோவில்பட்டியிலிருந்து, கல்யாணத்துக்குக்கூட வராமல் மொய் மட்டும் அனுப்பிய சித்தப்பா வகையறாவிலிருந்து, யார் யாரோ வந்தார்கள். வீட்டில் பதினேழு பேர். எல்லாருக்கும் மேலாக உலகநாதனின் அக்கா ஆவுடையம்மாள், ஒரு மாதத்துக்கு வேண்டிய சேலைகளோடு வந்து நடு அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கையைப் போட்டுக்கொண்டாள். காலையில் எல்லாரும் இட்லியைக் கட்டிக்கொண்டு தீவுக்குப் போவார்கள். மத்தியானம் பசியோடு வந்து சாப்பிடுவார்கள். சாயங்காலம் மணல் ஒட்டிய காலோடு வந்து, "காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து! நீ ஒரு நாள் வந்து பாரேன், வடிவு" என்று சொல்லிவிட்டு, ராத்திரிக்கு என்ன என்று கேட்பார்கள். வடிவு மாவாட்டினாள். வடிவு சோறு வடித்தாள். பதினேழு பேருடைய ஈரத்துணியும் அவள் மாடியில்தான் காய்ந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்தான் தீவு தெரியும்.

"உனக்கு என்ன குறை?" என்றாள் ஆவுடையம்மாள் ஒரு நாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "ஆசைப்பட்டது வீட்டு வாசல்ல வந்து நிக்கி. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா காலு தேஞ்சா போயிரும்?"

"நான் போனா உங்களுக்கு மத்தியானச் சோறு யாரு வடிப்பா, மைனி?"

"அதுவும் சரிதான்" என்றாள் ஆவுடையம்மாள், உண்மையாகவே யோசித்துவிட்டு.

இருபதாம் நாள் காலையில், வீட்டில் எல்லாரும் தீவுக்குப் போயிருந்த நேரத்தில், தீவிலிருந்து ஒருத்தி வடிவைத் தேடி வந்தாள். கறுப்பு உடுப்பும், இடுப்பில் சாவிக்கொத்தும், கக்கத்தில் ஒரு பெரிய பேரேடுமாக வந்தாள். வயது வடிவின் வயதுதான் இருக்கும். கிரிஜாக்கா என்கிற கிரியாக்கி. சமையல்கட்டு வரைக்கும் நேராக வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேரேட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். வடிவின் பெயர். ஏழு நாள். இரண்டு பேர். வடிவுக்குக் கவுண்ட்டரில் பழகிய இங்கிலீஷும் அவளுக்கு வாடகைக்கு வந்தவர்களிடம் பழகிய இங்கிலீஷும் இருந்தன. இரண்டும் ஒரே அளவு நொண்டியதால் பேச்சு சரியாக நடந்தது.

"தினமும் விரிப்பு மாற்றுகிறேன்" என்றாள் கிரியாக்கி. "தினமும் பூ வைக்கிறேன். நீ வரவில்லை."

"வர முடியலம்மா."

"எங்களுக்கு ஊருக்குப் போக வேண்டும். இந்த வெயிலில் திராட்சை பிஞ்சிலேயே கருகுகிறது, தேனீக்கள் பெட்டியைவிட்டு வெளியே வருவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தோம். எல்லோரும் உள்ளே வந்தார்கள். பாதிரியார் ஜெபம் செய்தார். தீவு நகரவில்லை. மறுபடியும் அடித்தோம். நகரவில்லை. அப்புறம் நான்தான் பேரேட்டைப் பார்த்தேன்." அந்த வரியை மறுபடியும் தட்டினாள். "உறுதி செய்த அறை. ஆள் வரவில்லை."

வேறு யாராவது கேட்டிருந்தால் குழம்பியிருப்பார்கள். வடிவுக்கு உடனே விளங்கிவிட்டது. சார்ட் போட்டாயிற்று, பெர்த் உறுதியாயிற்று, பயணி மட்டும் ஏறவில்லை. முப்பத்தொரு வருஷ வேலையில் அப்படி எத்தனை பேருக்காக அவள் கவுண்ட்டர் கண்ணாடி வழியாகப் பிளாட்பாரத்தை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறாள்!

"என் பேரை அடிச்சிருங்க" என்றாள்.

கிரியாக்கி பேனாவை எடுத்து அடித்துக் காட்டினாள். மை உலர்வதற்குள் கோடு மறைந்து, பெயர் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. வடிவு அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்; மை ஒட்டவில்லை. பிறகு கிரியாக்கி, அடுப்பில் பொங்கப் போன உலையை எழுந்து போய்த் தணித்துவிட்டு, வந்த வழியே போனாள்.

அந்த வாரமே மேற்கு மலையில் மேகம் இறங்க ஆரம்பித்தது. ஊர் அப்போதுதான் குளத்தைப் பற்றி யோசித்தது. சாரல் விழுந்தால் கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவ வேண்டும். குளத்தில் இருப்பதோ உப்புத் தண்ணீர். மடையைத் திறந்தால் இருநூறு ஏக்கரும் வெந்துபோகும்; திறக்காமல் விட்டால், வருகிற மழைக்குக் கரை தாங்காது. தீவை எப்படிக் கிளப்புவது என்று வெள்ளத்துரை தீவுக்காரர்களிடம் கேட்டார். அவர்கள் எல்லாரும் ஒன்றுபோல உலகநாதன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஊர் கூடியது. வடிவை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வெள்ளத்துரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். ஓட்டுக் கேட்கும்போதுகூட அவர் அப்படி நின்றதில்லை.

"அக்கா, ஊருக்காகக் கேக்கேன். நீங்க லீவுக்குப் போகணும்."

கூட்டம் கும்பிட்டது. வயதான சம்சாரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏழு நாளு நல்லா ஓய்வா இருங்க தாயி, எங்க பயிரைக் காப்பாத்துங்க" என்றார்.

வடிவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "போறேன். ஆனா ரெண்டு மூணு விஷயம் இருக்கு" என்றாள்.

"சொல்லுங்க."

"எங்க வீட்டுல இருக்கிற விருந்தாளி எல்லாரும் இன்னைக்கே அவங்கவங்க ஊருக்குக் கிளம்பணும்."

கிளம்பச் சொல்லி அந்த இடத்திலேயே தீர்மானம் போடப்பட்டது. அம்பாசமுத்திரம் பஸ்ஸை நிறுத்தி வைக்க ஒருவர் ஓடினார்.

"நான் துணைக்கு வாரேன் வடிவு" என்றாள் ஆவுடையம்மாள் கூட்டத்திலிருந்து.

"வேண்டாம் மைனி."

முப்பத்திரண்டு வருஷத்தில் வடிவு அவளிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆவுடையம்மாளுக்கு வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்துபோனது. கூட்டத்தில் இருந்த மருமகள்கள் சிலர் சிரிப்பை மறைக்கத் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொண்ணு. அறை ரெண்டு பேருக்கு. அவங்களும் வரணும்."

எல்லாரும் உலகநாதனைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அதுக்கென்ன... ஆனா கடையை யாரு பாப்பா?"

"எம் மவ பார்மசி படிச்சு முடிச்சிட்டு வீட்டுலதானே இருக்கா" என்றார் வெள்ளத்துரை. "அவ பாத்துக்கிடுவா."

"படிச்சா போதுமா? டாக்டர்மாரு கையெழுத்த வாசிக்கத் தெரியணும்."

ஒரு மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்கள். அவள் கடகடவென்று வாசித்துவிட்டு, "அங்கிள், இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால. நீங்க பின்னாலன்னு உறையில எழுதியிருக்கீங்க" என்றாள். அந்த உறைக்குச் சொந்தக்காரர், அதுதான் எனக்கு ஆறு மாசமாக நெஞ்செரிச்சல் என்று எழுந்து நின்றார். அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

உலகநாதன் இன்னும் எதையோ தேடுவது போல ஆகாயத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. "என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு குளத்தங்கரைப் பக்கம் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

வடிவு எழுந்து அவர் பின்னால் போனாள்.

அவர் மடைக்கு மேலே, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தீவின் வெள்ளைச் சுவர்களில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவராகவே பேசினார்.

"இருபத்திநாலு வயசுல நான் பம்பாய்க்குப் போனேன், தெரியும்லா?"

"வேலை பிடிக்கலன்னு வந்துட்டியன்னு மாமா சொல்லியிருக்காவ."

"வேலை ஆபீசுக்கே நான் போகல. ரயில்ல இறங்கி ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னேன். எவ்வளவு சனம்! அத்தனை சனத்துல ஒருத்தருக்கும் நான் யாருன்னு தெரியாது. இன்னார் மகன்னு தெரியாது, இந்த ஊருன்னு தெரியாது. நின்னுக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல எனக்கே நான் யாருன்னு தெரியாமப் போயிட்டு, ஏளா. பேரு மறந்துட்டு. சத்தியமாச் சொல்லுதேன். அடுத்த வண்டியில ஏறி, நம்ம ஸ்டேஷன் போர்டைப் பாத்த பெறகுதான் பேரு ஞாபகம் வந்துது." தலையைக் குனிந்துகொண்டார். "அதுல இருந்து வெளியூருன்னாலே எனக்குப் பயம்."

"முப்பத்திரண்டு வருஷமா இத என்கிட்ட சொல்லல."

"சொன்னா சிரிப்ப."

வடிவு சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அதுக்குத்தாங்க போகணும்."

"எதுக்கு?"

"ஒருத்தருக்கும் நான் யாருன்னு தெரியாத ஒரு இடத்துல போய் நிக்கணும். டிக்கெட் கொடுக்கிறவன்னு தெரியாம, மெடிக்கல் அண்ணாச்சி வீட்டம்மான்னு தெரியாம, சோறு ஆயிட்டான்னு ஒருத்தரும் கேக்காம. பேரு மறந்து போனாலும் போகட்டும். அதுக்குத்தான் இத்தனை நாளு நோட்டு எழுதினேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு ஆசை மனுஷருக்கு வரும் என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அதனாலதான் இருபத்தஞ்சு நாளும் அங்க போகலியா?"

"சொந்தக்காரங்க பதினேழு பேரும் அங்கதானே இருந்தாவ. போயி என்ன செய்ய?"

கீழே தண்ணீரில் ஒரு படகு போனது. படகில் இருந்த கிழவர் உலகநாதனைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி, முழங்காலைத் தட்டிக் காட்டி, நன்றாகிவிட்டது என்று சைகை செய்தார். உலகநாதனும் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஏளா" என்றார். "அந்தத் தீவுல எனக்கு எல்லாரையும் தெரியும்."

"ஆமா."

"முழங்கால் வலிக்காரர், ரெண்டாவது தெருவுல சர்க்கரைக்காரி, பாதிரியாருக்கு மூலம், நாக்கக் காட்ட மாட்டேன்னு அடம் பிடிக்கிற பிள்ளை... எல்லாருக்கும் என்னைத் தெரியும். அது எங்க போய் நின்னாலும் தெரியும்லா?"

"தெரியாம எப்படிப் போகும்?"

"ஆனா உன் முகம் ஒருத்தருக்கும் தெரியாது!"

"கிரியாக்கிக்கு மட்டும் தெரியும். அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார். வடிவுக்குக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். கரையில் தூரத்தே ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த ஊர் முழுவதும் மூச்சு விட்டது.

வியாழக்கிழமை காலையில் புறப்பாடு. வடிவு, திரும்பி வருவதற்கு மட்டும் ஏதென்ஸிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமான டிக்கெட் போட்டாள். அது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட முதல் டிக்கெட். ஜன்னலோர சீட் எடுத்தாள். விசா விஷயத்தைத் தீவின் ஒரே போலீஸ்காரர், கிரியாக்கியின் அக்கா மகன், அறைச் சாவியைப் பார்த்துவிட்டு முடித்துவைத்தார். ஆவுடையம்மாள், கோபம் ஆறாமலே, ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பியிருந்தாள். நீலப் படகில் இரண்டு பேரும் போய் இறங்கினார்கள். மணி அடித்தது. தீவுக்காரர்கள் ஆளை எண்ணினார்கள். ஒலிவ மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த சிவந்திபேரிக்காரர் ஒருவரை எழுப்பிக் கரைக்கு அனுப்பினார்கள். ஒரு கழுதை மட்டும் வர மாட்டேன் என்று சந்தைப்பேட்டையிலேயே நின்றுவிட்டது. வடிவு மாடி அறைக்குப் போய், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். தீவு ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

அது போன விதத்தைச் சிவந்திபேரியில் இன்றைக்கும் எல்லாரும் ஒரே குரலில்தான் சொல்லுவார்கள். நீலத் தண்ணீர் முழுவதையும் பாவாடையைச் சுருட்டிக்கொள்வது மாதிரி தன்னைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு, மேலக்கரையில் ஏறி, பனைகளுக்கு நடுவே அது தேர் மாதிரி திரும்பியது. வருஷா வருஷம் தேர் திருப்பிய அனுபவத்தில் ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் ஓடி, "இடது, இடது! தடி போடு! அய்யா சாமி, டிரான்ஸ்பார்மர்ல இடிச்சிராதிய!" என்று கத்தி, எதையும் இடிக்காமல் அதை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். சாயங்காலம் சாரல் விழுந்தது. சம்சாரிகள் குளத்து மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். துளிகூடக் கரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தீவு தன் சொந்தக் கடலில் போய் நின்றது. வடிவு கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே எல்லாப் பக்கமும் தண்ணீராக இருந்தது. உலகநாதன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி, கழுதைப் பாதை வழியாக, யாரும் இல்லாத பாறைப் பக்கம் போனாள். வழியில் எதிர்ப்பட்ட ஒரு பெண் யாரோ எவளோ என்று பார்த்துவிட்டுப் போனாள். வடிவு பாறையில் உட்கார்ந்து சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, காலைத் தண்ணீரில் விட்டாள். குளிர்ந்தது. மீன் குஞ்சுகள் வந்து விரலைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போயின. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. ஒன்றையும் திட்டம் போடவில்லை. வெயில் தோளுக்கு ஏறுகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

திரும்பி வந்தபோது மாடி வாசலில் புகை வந்துகொண்டிருந்தது. உலகநாதன் கிரியாக்கியின் அடுப்பைப் பற்றவைத்து, அரைக்கரண்டி அளவுள்ள அவர்களுடைய பித்தளைச் செம்பில் காபி போட்டிருந்தார். தூள் அடியில் தங்காமல் மேலேயே மிதந்ததால், துவைத்த கைக்குட்டையில் வடிகட்டியிருந்தார். மீசையில் கரி. நெற்றியில் மாவு, காபி போடுவதற்கு மாவு எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்க போனன்னு கேக்க மாட்டேன்" என்றார், தம்ளரை நீட்டி. "குடிச்சுப் பாரு."

வடிவு வாங்கி ஒரு வாய் குடித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காபி நன்றாகவே இல்லை. சீனி கரையவில்லை, பால் திரிந்திருந்தது, கைக்குட்டைச் சோப்பு லேசாக வாசமடித்தது. அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்து, அவசரப்படாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, தம்ளரைத் திருப்பி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"